மன்னிப்பும் மறைப்பும்

பிறர் செய்த தீங்கைப் பொறுத்தல் உயர்ந்தோர் இயல்பு என்று நாம் மாணவர்க்குக் கற்பிக்கின்றோம். உண்மையை மறையாது உரைத்தல் கடமை என்றும் கற்பிக்கின்றோம். இவ்விரண்டும் உடன்பிறந்த பிள்ளைகளைப் போல என்றும் இணைந்தே செல்லும் என எண்ணிக்கொள்கின்றோம். ஆயின், வாழ்க்கையில் இவை எதிரெதிராக நிற்கும் வேளையும் வருகின்றது. ஒரு தீங்கு நிகழ்ந்துவிட்டது. அதனால் துன்புற்றோரே அதனைப் பொறுத்து அமைதியுற்றனர். ஆண்டுகள் பல சென்றன. அப்பொழுது வெளியிலிருந்து ஒருவர் வந்து, “அன்று நடந்தது என்ன?” என்று கேட்கின்றார். அக்கேள்வி அறமா? அன்றி, ஆறிய புண்ணைக் கீறும் கொடுமையா?

இவ்வினாவை ஏட்டளவில் ஆராய்வதினும், மன்னித்தலையே வாழ்க்கை நெறியாகக் கொண்ட ஒரு மக்கட் கூட்டத்தின் நடுவே வைத்து ஆராய்தல் நலம். மன்னிப்பு அங்கே வெறும் சொல்லாக இல்லை. நாள்தோறும் வாழப்படும் ஒழுக்கமாக உள்ளது. ஆகவே, அதன் வலிமையையும் அதன் எல்லையையும் அங்கே தெளிவாகக் காணலாம்.

எளிய வாழ்வினர்

வட அமெரிக்காவில் ஆமிஷ் என்னும் பெயருடைய கிறித்தவ மக்கள் வாழ்கின்றனர். அறிவறிந்த வயதில் ஒருவர் தாமே விரும்பிப் பெறும் திருமுழுக்கே செல்லும் என்று 16ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் ஒரு கூட்டத்தார் கூறினர். அதற்காக அவர்கள் அரசாலும் திருச்சபையாலும் கொடுமையாக ஒறுக்கப்பட்டனர். அவர்தம் வழிவந்தோரே இம்மக்கள். 1693இல் யாக்கோபு அம்மான் என்னும் தலைவரைப் பின்பற்றித் தனிப் பிரிவாயினர். அவர் பெயராலேயே அழைக்கப்பெற்றனர். 18ஆம் நூற்றாண்டில் கடல் கடந்து பென்சில்வேனியாவில் குடியேறினர். இன்று பென்சில்வேனியா, ஓஹாயோ, இந்தியானா ஆகிய மாநிலங்களில் மிகுதியாக வாழும் இவர்தம் தொகை ஏறத்தாழ 4 இலட்சம்.

இவர்கள் குதிரை வண்டியில் செல்வர். பொது மின்கம்பியிலிருந்து வீட்டிற்கு மின்சாரம் பெறார். எளிய உடை உடுப்பர். பிள்ளைகளை எட்டாம் வகுப்புக்குமேல் பள்ளிக்கு அனுப்பார். இதன் தொடர்பாக விஸ்கான்சின் மாநிலத்தில் எழுந்த வழக்கில், 1972இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கமே தீர்ப்பளித்தது. போருக்குச் செல்லுதல், ஆணையிட்டுச் சத்தியம் செய்தல், தீங்கிழைத்தோர்மீது வழக்காடுதல் ஆகியவற்றை இவர்கள் நெறி ஏற்பதில்லை. தம்மைச் சாராத அண்டையாரை ‘ஆங்கிலேயர்’ என்றே அழைப்பர். அச்சொல்லிலேயே ஒரு வேலி உண்டு. வேலிக்கு உள்ளே நிகழ்வதை உள்ளேயே தீர்த்துக்கொள்ள வேண்டும் என்பது அவர்தம் கருத்து.

இம்மக்களிடையே கொலை நிகழ்வதாகவும், காவலர் அல்லாத ஒருவர் ஆர்வத்தால் துப்பறிந்து பழைய மறைபொருளை வெளிக்கொணர்வதாகவும் ஆங்கிலத்தில் கதைகள் பல புனையப்பட்டுள்ளன. 1985இல் வெளிவந்த ‘விட்னஸ்’ என்னும் திரைப்படம், கொலை ஒன்றைக் கண்ணால் கண்ட ஆமிஷ் சிறுவனைப் பற்றியது. கதையில் துப்பறிதல் இனிமையானது. கடைசிப் பக்கத்தில் முடிச்சு அவிழும். நூலை மூடிவைத்து நிம்மதியாக உறங்கலாம். உண்மை வாழ்வில் முடிச்சு அவிழ்ந்த பின்னரே உறக்கம் கெடுகின்றது. அதனைக் காண்பதற்கு முன், இம்மக்களின் மன்னிப்பு எத்துணை உயர்ந்தது என்பதை அறிதல் வேண்டும்.

பனியில் திரும்பி வந்தவர்

ஆமிஷ் இல்லங்கள் பலவற்றில் திருமறைக்கு அடுத்ததாகப் போற்றப்படும் பெருநூல் ஒன்றுண்டு. சமயத்துக்காக உயிர்நீத்தோரின் வரலாறுகளைத் தொகுத்து 1660இல் ஹாலந்தில் வெளியிடப்பட்ட அந்நூல், ‘தியாகிகளின் கண்ணாடி’ என்னும் பொருள்படும் பெயருடையது. அதில் டிர்க் வில்லம்ஸ் என்பவரின் வரலாறு உண்டு. 1569இல் ஹாலந்து நாட்டின் ஆஸ்பரன் என்னும் ஊரில் சிறைப்பட்டிருந்த அவர் தப்பி ஓடினார். உறைந்திருந்த நீர்நிலையைக் கடந்து கரையேறினார். துரத்தி வந்த காவலன் பனிக்கட்டி உடைந்து நீருள் மூழ்கினான். டிர்க் அவனை விட்டுச் சென்றிருக்கலாம். சென்றிலர். திரும்பி வந்து அவனைக் கரையேற்றினார். அதனாலேயே மீண்டும் பிடிபட்டார். நெருப்பில் இடப்பட்டு மாண்டார்.

இவ்வரலாற்றைக் கேட்டு வளரும் பிள்ளைகளுக்கு மன்னித்தல் பெரியவர் இடும் கட்டளையாகத் தோன்றுவதில்லை. தம் முன்னோர் நடந்த பாதையாகத் தோன்றுகின்றது. தன்னைத் தோண்டுவோரையும் சுமந்து நிற்கும் மண்ணைப் பொறுமைக்கு உவமை கூறினார் வள்ளுவர். அவ்வுவமைக்கு இலக்கியமானவர் டிர்க்.

அத்தகைய பொறையை உலகம் 2006ஆம் ஆண்டில் நேரில் கண்டது. அக்டோபர் 2ஆம் நாள், பென்சில்வேனியாவின் லங்காஸ்டர் வட்டாரத்தில் நிக்கல் மைன்ஸ் என்னும் சிற்றூரின் ஓரறைப் பள்ளிக்குள் துப்பாக்கியோடு ஒருவன் புகுந்தான். 10 சிறுமியரைச் சுட்டான். அவருள் 5 பேர் மாண்டனர். பின்னர்த் தன்னையும் மாய்த்துக்கொண்டான். பள்ளியே வாழ்வாகக் கொண்ட எவர்க்கும் இச்செய்தி நெஞ்சைப் பிளக்கும். ஆயின், அன்று மாலை தொடங்கியே ஆமிஷ் மக்கள் கொலைஞனின் மனைவியிடமும் பெற்றோரிடமும் சென்று ஆறுதல் கூறினர். அவனுடைய நல்லடக்கத்திற்கும் சென்று நின்றனர். தமக்கு வந்த உதவிப் பணத்தில் ஒரு பகுதியை அவன் குடும்பத்திற்கும் அளித்தனர். பத்து நாளுக்குள் அப்பள்ளிக் கட்டடத்தை இடித்துத் தரைமட்டமாக்கினர். அடுத்த ஆண்டு வேறோரிடத்தில் புதிய பள்ளி எழுந்தது.

இங்கே நாம் ஒன்றைக் கருத்திற்கொள்ள வேண்டும். நிக்கல் மைன்ஸில் நடந்தது என்ன என்பது அனைவர்க்கும் தெரிந்திருந்தது. சுட்டவன் இன்னான், மாண்டவர் இன்னார் என்பதில் மறைவு ஏதும் இல்லை. அம்மக்கள் எதனை மன்னிக்கின்றனர் என்பதை முற்றும் அறிந்தே மன்னித்தனர். அவ்வறிவே அம்மன்னிப்புக்கு நிறையைத் தந்தது.

நடந்தது இன்னதென்று அறியாத இடத்தில் மன்னிப்பு என்னவாகும்?

பெயரில்லாத சிறுவன்

1985ஆம் ஆண்டு டிசம்பர் 24. கிறிஸ்துமசுக்கு முந்தைய நாள். நெப்ராஸ்கா மாநிலத்தில் செஸ்டர் என்னும் சிற்றூரின் அருகே, சாலையோரப் பள்ளத்தில் ஒரு சிறுவனின் உடல் கண்டெடுக்கப்பட்டது. நீல நிற இரவுடை அணிந்திருந்தான். அவன் யார், எவ்வூரினன், எவ்வாறு இறந்தான் என்பதை எவராலும் கூற இயலவில்லை. காணாமற்போன பிள்ளைகளின் பட்டியலிலும் அவன் இல்லை. செஸ்டர் ஊர் மக்கள் அவனைத் தம் பிள்ளையாக ஏற்றனர். ‘இறைவன் கொடை’ என்று பொருள்படும் மத்தேயு என்னும் பெயரைச் சூட்டி, தம் ஊர் இடுகாட்டில் அடக்கம் செய்தனர்.

இரண்டு ஆண்டுகள் சென்றன. 1987இன் இறுதியில் ‘ரீடர்ஸ் டைஜஸ்ட்’ இதழ் அச்சிறுவனைப் பற்றிக் கட்டுரை வெளியிட்டது. நெடுந்தொலைவில் அதனைப் படித்த வாசகர் நெஞ்சில் ஓர் ஐயம் எழுந்தது. தாம் முன்பு அறிந்திருந்த ஒரு சிறுவனின் சாயலும் அகவையும் அக்கட்டுரையில் தெரிந்தன. அவர் வாளா இருந்திலர், செய்தி தெரிவித்தார். அதனால் அச்சிறுவனின் உண்மைப் பெயர் வெளிப்பட்டது. அவனுக்கு 9 அகவை. அவன் ஓஹாயோ மாநிலத்து ஆமிஷ் பெற்றோர்க்குப் பிறந்த பிள்ளை. அவன் தந்தை, மனைவியை இழந்தபின் ஆமிஷ் வாழ்வைத் துறந்து, மகனோடு மாநிலம் மாநிலமாகத் திரிந்தவர். மகன் நோயால் வழியில் இறந்தான் என்றும், உடலைத் தாமே அங்கு விட்டுச் சென்றதாகவும் அவர் கூறினார். இறப்பின் காரணம் உறுதிப்படவில்லை. உடலைக் கைவிட்டதற்கும் இறப்பை மறைத்ததற்கும் மட்டுமே அவர் தண்டனை பெற்றார். பின்னர், 1989இல் டெக்சஸ் மாநிலத்தில், வேறொருவரைக் கொன்ற குற்றத்துக்காக 40 ஆண்டுச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது.

அதன் பின்னரே பலர் பின்னோக்கிப் பார்த்தனர். 1977இல் ஓஹாயோவில் இவர்தம் பண்ணைக் கொட்டகை தீப்பற்றி எரிந்தது. இவர் மனைவி அங்கே மாண்டார். இடி விழுந்து தீப்பிடித்தது என்று கணவர் கூறினார். அஃது இயற்கையான சாவு என்று அதிகாரிகள் முடிவு செய்தனர். இறந்தவரை மண்ணில் இட்டு, இறைவன் சித்தம் என்று ஆமிஷ் சுற்றத்தார் அமைந்தனர். கிரெக் ஓல்சன் என்னும் எழுத்தாளர் இவற்றை ஒவ்வொன்றாகத் தேடி, 1990இல் ‘கைவிடப்பட்ட பிரார்த்தனைகள்’ என்று பொருள்படும் பெயரில் நூலாக்கினார். முப்பது ஆண்டுகளுக்கு மேலாகியும் அவர் மனம் ஓயவில்லை. அந்தப் பெண்ணின் சாவையே பொருளாகக் கொண்டு மற்றொரு நூலும் எழுதினார். அவர் காவலரும் அல்லர், நீதிபதியும் அல்லர். கேட்பதற்கு உரிமை தந்தது அவர் மனச்சான்று ஒன்றே.

2007இல் அந்தக் கணவர் இறந்தார். மனைவியின் சாவுக்காக அவர்மீது எந்த நீதிமன்றமும் தீர்ப்பளித்ததில்லை. ஆகவே, அவரே கொன்றார் என்று நாமும் கூறலாகாது. இனித் தண்டிக்க ஒருவரும் இல்லை. எனினும் கேள்வி நிற்கின்றது. தண்டிக்க எவரும் இல்லாதபோதும் உண்மையைத் தேட வேண்டுமா?

இருபக்க வழக்கு

வேண்டா என்போர் கூற்றை முதலில் கேட்போம். “பொறுத்தவர்கள் அம்மக்கள், இழந்தவர்களும் அம்மக்களே. அவர்களே அமைதியுற்றபின் அயலார்க்கு என்ன உரிமை? பழையதைக் கிளறுவோர் பலர் உண்மையின்மேல் காதலால் கிளறுவதில்லை, சுவைக்காகக் கிளறுகின்றனர். பிறர் துயரம் அவர்க்குப் பொழுதுபோக்கு. ஐயத்தைக் கிளப்பிவிட்டு அவர் ஊர் திரும்புவர். அந்த ஐயத்தோடு வாழ வேண்டியவர் ஊரார் அல்லரோ?” இக்கூற்றில் வலிமை உண்டு. தவறான ஐயம் ஒரு குடும்பத்தைத் தலைமுறைக்கும் அழித்துவிடும்.

எனினும், இக்கூற்றில் ஒருவர் விடுபட்டுப் போகின்றார். அவரே இறந்தவர். சுற்றத்தார் தமக்கு நேர்ந்த இழப்பைப் பொறுக்கலாம். எரிந்து மாண்ட பெண்ணின் பொருட்டு மன்னிக்கும் உரிமையை அவர்களுக்கு அளித்தவர் யார்? பெயரின்றிப் பனியில் கிடந்த சிறுவனின் பொருட்டு மறக்கும் உரிமை எவர்க்கு உண்டு? வாய் திறக்க இயலாதவர்க்காக யாரேனும் ஒருவர் கேட்கத்தான் வேண்டும்.

மற்றொன்றும் உண்டு. ஆமிஷ் நெறியே மறைப்பை ஆதரிக்கவில்லை. தவறு செய்த உறுப்பினர் சபையின் முன் மண்டியிட்டுத் தம் குற்றத்தை வாய்விட்டுக் கூறுதல் அவர்தம் வழக்கம். கூறிய பின்னரே சபை மன்னிக்கும். மன்னித்தபின் அதனை எவரும் மீண்டும் பேசலாகாது. இவ்வரிசையை உற்று நோக்குக. முதலில் உண்மை, அடுத்து மன்னிப்பு, அதன் பின்னரே அமைதி. முதற்படியை விடுத்து மூன்றாம் படியில் காலை வைத்தால், அஃது அமைதி போல் தோன்றும். ஆயின் மன்னிப்பு ஆகாது.

இன்னும் ஒருபடி மேலே சென்று எண்ணுவோம். டிர்க் வில்லம்ஸ் தம்மைத் துரத்தியவனைக் காத்தார் என்பது நமக்கு எவ்வாறு தெரிந்தது? எவரோ ஒருவர் அதனை எழுதிவைத்தார். கொன்றவரைப் பழிவாங்கக் கூடாது என்று உறுதி பூண்ட அதே மக்கள், யார் யாரை எந்த ஊரில் எந்த ஆண்டில் எவ்வாறு கொன்றனர் என்பதை ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட நூலாகத் தொகுத்தனர். அமெரிக்காவில் குடியேறிய பின்னரும் அதனை மறந்திலர். 1748இல் தொடங்கி 1749க்குள் பென்சில்வேனியாவின் எஃப்ராட்டா என்னும் ஊரில் அந்நூலை ஜெர்மன் மொழியில் அச்சிட்டனர். தம் முன்னோர் மன்னித்தனர். ஆயின் பதிவை அழித்திலர். பழியைத் துறந்தனர், உண்மையைத் துறந்திலர். இதனினும் சிறந்த சான்று நமக்கு வேண்டுமோ?

நம் இலக்கியமும் இவ்விரண்டையும் பிரித்தறியக் கற்றுத் தருகின்றது. பொறையுடைமைக்கு ஓர் அதிகாரம் வகுத்த வள்ளுவரே, செங்கோன்மை அதிகாரத்தின் முதற்குறளில் ஆராய்ந்தறிதலை முதலில் வைத்தார். பாண்டியன் அவையில் கண்ணகி நின்றதை எண்ணிப் பாருங்கள். அவள் காவற்பணி புரிந்தவள் அல்லள், வழக்குரைப்பவளும் அல்லள். முடிந்துபோன வழக்கை மீண்டும் திறந்து, சிலம்பை உடைத்து, மாணிக்கப் பரல்களைச் சான்றாகக் காட்டினாள். கோவலன் கள்வன் அல்லன் என்னும் உண்மை அவ்விடத்திலேயே நிலைபெற்றது. அதன்பின் மதுரையை எரித்தது வேறொரு செயல். சிலம்பை உடைத்தது வாய்மை. நகரை எரித்தது வெகுளி. முன்னதற்குப் பின்னது வேண்டும் என்பதில்லை. டிர்க்கின் வழிவந்தோர் நமக்குக் கற்பிப்பது இதுவே. சிலம்பை உடைக்கலாம், நகரை எரிக்க வேண்டா.

ஒரு பழைய அலமாரி

இவ்வளவையும் நான் நூலறிவால் மட்டும் கூறவில்லை. பயிற்சி முடித்துத் தோட்டப் பள்ளி ஒன்றில் பணியாற்றத் தொடங்கிய காலத்து நிகழ்ச்சி ஒன்று இன்றும் என் நெஞ்சை உறுத்துகின்றது. கல்விச் சுற்றுலாவுக்காக மாணவரிடம் திரட்டிய 85 வெள்ளி ஓர் உறையில் இருந்தது. ஒரு நாள் காலையில் அவ்வுறையைக் காணவில்லை. வகுப்பில் மிக வறிய மாணவன் ஒருவன்மீது அனைவர் பார்வையும் சென்றது. முந்தைய நாள் வகுப்பறையைப் பெருக்கியவன் அவன். எவரும் அவனைக் குற்றஞ்சாட்டவில்லை. நானும் உசாவவில்லை. பெருந்தன்மை என்று எண்ணிக்கொண்டு, “எடுத்தவர் யாராயினும் நான் மன்னித்துவிட்டேன், இனி இதைப்பற்றிப் பேச வேண்டா” என்றேன். பணத்தை என் சம்பளத்திலிருந்து ஈடுசெய்தேன். அன்று என்னை நானே மெச்சிக்கொண்டேன்.

அம்மாணவன் அடுத்த மாதமே பள்ளிக்கு வருவதை நிறுத்திக்கொண்டான். அவன் குடும்பம் வேறு தோட்டத்திற்குச் சென்றது. நான்கு ஆண்டுகளுக்குப் பின் வகுப்பறைக்குச் சாயம் பூசுவதற்காகப் பழைய அலமாரியை நகர்த்தினோம். சுவருக்கும் பலகைக்கும் இடையே அவ்வுறை கிடந்தது. 85 வெள்ளியும் அப்படியே இருந்தன.

செய்யாத குற்றத்துக்கு நான் அவனை மன்னித்திருந்தேன். அதனினும் பெரிய தண்டனை வேறு உண்டோ? குற்றஞ்சாட்டியிருந்தால் அவன் மறுத்திருப்பான். அலமாரியை நகர்த்திப் பார்த்திருப்போம். என் மன்னிப்பு அவன் வாயையும் அடைத்தது. தேடும் கைகளையும் கட்டிவிட்டது. அவனைத் தேடிச் சென்று உண்மையைக் கூற முயன்றேன். கண்டறிய இயலவில்லை. அவன் பெயரைப் பள்ளியில் அனைவர் முன்னிலையிலும் கூறி, அவன் களவு செய்யவில்லை என்று அறிவித்தேன். கேட்க வேண்டியவன் அங்கே இல்லை.

கேட்பவர்க்கு உரிய ஒழுக்கம்

ஆகவே, பழைய உண்மையைத் தேடுவோர் பழிக்கத்தக்கவர் அல்லர். ஆயின், அவர்க்கும் ஓர் ஒழுக்கம் வேண்டும். சுவைக்காகத் தேடலாகாது, வாயற்றவர் பொருட்டே தேடவேண்டும். ஐயத்தை ஐயம் என்றும், சான்றைச் சான்று என்றும் பிரித்துரைக்க வேண்டும். நடந்ததை அறிய முயலும்போது, தாம் முதலில் எண்ணியது பொய்யாகலாம் என்பதற்கும் இடம் தரவேண்டும். இறுதியில் உண்மை கிடைத்தால், அதனை எவ்வாறு பொறுப்பது என்பதை இழந்தவர்களிடமே விட்டுவிட வேண்டும். கேட்பது அயலார் உரிமையாகலாம். மன்னிப்பது இழந்தோர் உரிமை மட்டுமே.

செஸ்டர் ஊர் மக்கள் தாம் சூட்டிய பெயரோடு அச்சிறுவனின் உண்மைப் பெயரையும் கல்லறையில் பொறித்தனர். அதனால் இறந்தவன் எழுந்து வரவில்லை. எவர்க்கும் தண்டனை கூடவும் இல்லை. எனினும், ஒரு பிள்ளை தன் பெயரைத் திரும்பப் பெற்றான். ஓர் இதழைப் படித்துவிட்டு மூடிவைக்காத ஒருவரால் இது கைகூடியது.

ஆசிரிய நண்பர்களே, மாணவச் செல்வங்களே! நம் வகுப்பறைகளிலும் வீடுகளிலும், “போகட்டும், மறந்துவிடுவோம்” என்று கூறும் வேளைகள் பல வரும். அவ்வேளையில் நம்மை நாமே ஒன்று கேட்டுக்கொள்வோம். நாம் மன்னிக்கின்றோமா? அல்லது, அலமாரியை நகர்த்திப் பார்க்கச் சோம்புகின்றோமா? முதலாவதாயின் அது நம்மை உயர்த்தும். இரண்டாவதாயின், அதன் விலையைக் குற்றமற்ற ஒருவன் எங்கோ செலுத்திக்கொண்டிருப்பான்.